தோளில் ஏறிய நாள்

அப்பாவை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஊரே அழுதது. அக்காவுக்குத்தான் மனசு மரத்துப்போய்க் கிடந்தது. மூளையில் ஞாபகம் எப்படி உருவாகிறது என்று ஆராய்கிறவளுக்கு, அப்பாவின் பெல்ட்டைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.

"கண்காட்சியில நான் தொலைஞ்சுபோனேனேக்கா!" தம்பி தேம்பினான். "கொட்டுற மழையில என்னைத் தோள்லயே தூக்கிட்டு வந்தாரே! அந்த ஒண்ணுக்காகத்தான் அடிச்சதையெல்லாம் மன்னிச்சேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடக்காததை நடந்ததாக நம்பவைக்க முடியுமா என்று போன வருஷம் அவள் செய்த சோதனைக்குத் தம்பியும் வந்திருந்தான். கண்காட்சி, மழை, தோள் எல்லாமே அவள் கட்டிய கதை. சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

"டேய், அது வந்து..."

அம்மா முந்திக்கொண்டாள். "மறக்குமாடா? தொப்பலா நனைஞ்சு வந்தாரு. அந்த நீலச் சட்டையைப் பிழிஞ்சு காயப்போட்டதே நான்தானே!"

அக்கா சுவரில் சாய்ந்தாள். அவள் கட்டிய கதையில் சட்டையே கிடையாது. ஆனாலும் ஈரச் சட்டை கண்ணெதிரே நின்றது.

"நீலம் இல்லம்மா," என்றாள். "வெள்ளை."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.