டெரன்ஸுக்குப் போட்ட விளக்கு

டெரன்ஸ் செத்த பிறகும் அந்த ராக் குழுவினர் மேடையில் அவன் நின்ற இடத்துக்கு விளக்கு போட்டார்கள். அவனுக்குப் பதிலாக பேஸ் கிட்டார் வாசிக்க வந்த ஜெயசீலனுக்கு டிரம்ஸுக்குப் பின்னால், இருட்டில்தான் இடம். "அங்க வேற ஆள் நின்னா நம்ம பசங்க தாங்க மாட்டாங்கடா" என்றான் பாடகன். கூட்டம் வெறும் வெளிச்சத்தைப் பார்த்து "டெரன்ஸ்! டெரன்ஸ்!" என்று கத்தியது; கொப்புளம் என்னவோ ஜெயசீலனின் விரல்களில். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் பொறுக்கமாட்டாமல் முதல் பாட்டிலேயே கிட்டாரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கடைசிவரை சும்மா நின்றான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிட்டாரோடு கீழே இறங்கியவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ரசிகன் அழுதான். "இன்னிக்குத்தாண்ணா, அப்படியே டெரன்ஸ் அண்ணன் வாசிச்ச மாதிரியே இருந்துச்சு."