கடிகாரம் கட்டிய கை

சவத்தின் வலது கையில் கடிகாரம் இருந்தது. உயிரோடு இருந்தவரை அந்த மனிதர் அதை இடது கையில்தான் கட்டியிருந்தார்.

"யார் கட்டிவிட்டது?" என்றார் முதலாளி.

அறையில் இருந்தவர்கள் சுவரிலிருந்த திரையைப் பார்த்தார்கள். பிணவறை மேசை. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே ஒரு கை மட்டும், உள்ளங்கை கீழே கவிழ்ந்து கிடந்தது.

"நான்தான் சார்," என்றாள் ஓரத்து நாற்காலியில் இருந்த பெண்.

"ரெண்டு வருஷமா ஓடுற தொடர். ஆந்தை ஒரு தடவையாவது வலது கையில கட்டியிருக்கானா? அதைப் பார்க்கத்தானேம்மா உன்னை வெச்சிருக்கு?"

ஆந்தை என்பது அவர்கள் எடுக்கும் தொலைக்காட்சித் தொடரின் துப்பறிவாளர். போன வாரம் பன்னிரண்டாவது மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனார். அவர் எந்தக் கையில் என்ன கட்டியிருந்தார், எத்தனை பொத்தான் போட்டிருந்தார், கோப்பையில் எவ்வளவு தேநீர் மிச்சம் என்றெல்லாம் படப்பிடிப்பில் குறித்துவைப்பது அவள் வேலை.

கை மட்டும்தானே என்று பிணவறைக் காட்சிக்குக் கதாநாயகன் வரவில்லை. ஒரு துணை நடிகரைப் படுக்கவைத்துத் துணியைப் போர்த்தினார்கள். கடிகாரத்தை அவள் கட்டிவிட்டாள்.

முதலாளியின் மேசையில் அவளை நீக்கும் கடிதம் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. கை மாற்றிக் கட்டியவள் என்ற பெயரோடு போனால் வேறு எந்தப் படப்பிடிப்பிலும் உள்ளே விடமாட்டார்கள்.

"இதை அப்புறம் பார்ப்போம்." முதலாளி கடிதத்தின் மேல் பேனாவை வைத்துவிட்டுக் கதாசிரியர் பக்கம் திரும்பினார். "ஆந்தை திரும்பி வரணும்னு சேனல்ல ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. எப்படிப் பொழைச்சான்? சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பதில் வேணும்."

கதாசிரியரிடம் பதில் இல்லை. செல்பேசி இருந்தது.

"ரசிகப் பெருமக்கள் சொல்றதைக் கேளுங்க சார். பஞ்சு மூட்டை லாரி மேல விழுந்தாராம். லாரிக்காரன் என்ன, ஜோசியம் கேட்டுட்டு வந்து நின்னானா?"

முதலாளி சிரிக்கவில்லை.

"இன்னொரு மேதை. செத்தது ஆந்தையோட இரட்டைப் பிறவித் தம்பியாம். ரெண்டு வருஷமா அந்தத் தம்பியைப் பரண் மேல போட்டு வெச்சிருந்தோமா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடவே பிறந்த கூட்டம் சார் இது. மூளைன்னு ஒண்ணு இருந்தா நம்ம தொடரை எதுக்குப் பார்க்கப்போறாங்க?"

"அதை நீங்கதான் எழுதுறீங்க," என்றார் முதலாளி.

கதாசிரியர் அவசரமாகச் செல்பேசித் திரையைத் தள்ளினார். "இதுதான் உச்சம். கழுகுக்கண்ணாம், பேரைப் பாருங்க. மீசை முளைக்காத பயலா இருக்கும்." குரலை இழுத்துப் படித்தார். "'செத்தது ஆந்தை இல்லை. தனக்குத்தானே கட்டிக்கொள்பவனுக்குக் கை மாறாது. படுத்திருப்பவனுக்கு எதிரே நின்று கட்டிவிடுபவனுக்குத்தான் மாறும். யாரோ ஓர் அநாதைப் பிணத்தின் கையில் தன் கடிகாரத்தைக் கட்டிவிட்டுத் தப்பியிருக்கிறார் ஆந்தை. முகத்தை ஏன் காட்டவில்லை? அதோடு, ஆந்தை எப்போதும் வாரை மூன்றாவது ஓட்டையில் மாட்டுவார். இந்தக் கை பருமன். கடைசி ஓட்டையில் மாட்டியிருக்கிறது.'"

செல்பேசியைத் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஓட்டையை எண்ணிட்டு உட்கார்ந்திருக்கான் சார். இவனுக்கெல்லாம் எவன் பொண்ணு கொடுப்பான்?"

"எத்தனை பேர் படிச்சிருக்காங்க?"

"நாலு லட்சம். நாலு லட்சம் வெட்டிப் பசங்க."

முதலாளி எழுந்து சுவர்த் திரைக்கு அருகில் போனார். அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல என்ன தப்பு?" என்றார்.

கதாசிரியரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"தப்புன்னு யார் சார் சொன்னா? இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சுட்டானேன்னுதான் எனக்கு எரிச்சல். ஆரம்பத்துலேர்ந்தே என் திட்டம் அதுதானே. வலது கையில கட்டும்மான்னு நான்தான் சொல்லிவெச்சேன்."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

அவள் கதாசிரியரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொன்னார் சார்."

"நல்ல ரகசியம்! நான் கையெழுத்தே போட்டிருப்பேன்." முதலாளி கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். "போம்மா. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடு."

அவள் கதவைச் சாத்தும்போது கதாசிரியரின் குரல் மறுபடி உயர்ந்தது. "ரசிகனுக்கு மூளையா? காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை சார் இது."

இரண்டு மாடி இறங்கி, படிக்கட்டில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் பேசினாள். முதல் மணியிலேயே மாமியார் எடுத்தாள்.

"அத்தை, வேலை போகல. உங்க கழுகுக்கண் பதிவுல அந்தக் கடைசி ஓட்டையை மட்டும் அழிச்சிடுங்க, டிவியில அது தெரியவே இல்ல."