இரண்டாவது கோரிக்கை

வலைக்கூடத்தில் தலைவர் சிங்காரம் தூணோரம் உட்கார்ந்திருந்தார். படகுக்காரர்கள் வலைக் குவியலின் மேல். கையால் துழாவி நண்டு பிடிக்கிற மருதாயி வாசற்படியில். கலெக்டருக்கு மனு எழுதும் வேதமுத்து நடுவில், கவிழ்த்த ஐஸ் பெட்டியில் தாளை விரித்து. அலையாத்திக் காட்டுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்பது முதல் கோரிக்கை. மானிய டீசலைக் கூட்டித் தர வேண்டும் என்பது இரண்டாவது. வேதமுத்துவின் படகு டீசலில்லாமல் வெகுநாளாய்க் கரையில் கிடந்தது.

அவர் மனுவை வாசித்து முடித்ததும் மருதாயி சிரித்துவிட்டாள்.

"எண்ணெ எடுக்காதங்குறீங்க, எண்ணெ குடுங்குறீங்க. நல்லா இருக்கு மாமா! கவர்மெண்டுக்காரன் ரெண்டாவதக் குடுத்துட்டுக் கெணத்தத் தோண்டிக்குவான்."

"படகு ஓட்டுறவ மாதிரி பேச வந்துட்டா," என்றான் ஒரு படகுக்காரன்.

"அந்த அலையாத்தி வேருக்குள்ள மீன் குஞ்சு பொரிக்கலன்னா, நீ படகு ஓட்டி எதப் புடிப்ப?"

தலைவர் வேதமுத்துவைப் பார்த்தார். வேதமுத்து தன் படகை ஒருமுறை பார்த்தார். பிறகு, அடித்தல் திருத்தல் ஆகாதென்று, புதுத் தாளில் முதல் கோரிக்கையை மட்டும் திரும்ப எழுதினார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். வேதமுத்து சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டினார்.

கலெக்டர் ஆபீஸ் காயலுக்கு அக்கரையில். படகுக்காரர்கள் வேதமுத்துவின் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, ஆளுக்குக் கொஞ்சமாய்த் தங்கள் கேனில் மிச்சமிருந்த டீசலை அதில் ஊற்றினார்கள். இஞ்சின் இருமிக்கொண்டே கிளம்பியது. உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேதமுத்து திரும்பிப் பார்த்தார். ஊற்றும்போது சிந்திய டீசல் தண்ணீரின் மேல் நிறம் நிறமாய் விரிந்து அலையாத்தி வேர்களை நோக்கி நகர்ந்தது. மருதாயி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதைக் கையால் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தாள்.