தரையில் உட்கார்ந்து கேட்டது

தெருமுனை டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் அடுக்களையில் நின்று கேட்டாள். நடுவில் கணவன் தொம்மையின் குரல். ஏதோ சொல்கிறான். மறுபடியும் சிரிப்பு.

தொம்மை அப்படித்தான். பெண் பார்க்க வந்த அன்றே அவளைச் சிரிக்க வைத்தவன்.

கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு திறந்தது. அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

“மழை வரும்போல,” என்றான்.

“ம்.”

இரண்டு வருடமாக இந்த வீட்டில் இவ்வளவுதான் பேச்சு. மழை, மீன், குழாயில் தண்ணீர்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்தது இது: சிரித்தால் அவளுக்கு உடம்பு விட்டுப்போகும். முதலில் தாடை, பிறகு கழுத்து, முழங்கால். நினைவு தப்பாது. எல்லாம் கேட்கும். விரல்தான் அசையாது. சில நிமிடங்களில் சரியாகிவிடும். நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். அவர் சொன்ன பெயர் இருவர் வாயிலும் நுழையவில்லை.

ஒருநாள் அவன் சொன்ன எதற்கோ சிரித்து, கொதிக்கிற கஞ்சியோடு விழுந்தாள். வலது கை முழங்கைவரை வெந்துபோனது.

அன்றோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

அவள் அடுப்பை அணைத்தாள். கூடத்தில் பாயை விரித்தாள். ஸ்டூலைத் தள்ளி வைத்தாள். சுவரில் தலையணையைச் சாத்தி, அதில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“கடையில என்ன சொன்னீங்க? எனக்கும் சொல்லுங்க.”

“வேண்டாம் புள்ள.”

“தரையிலதான இருக்கேன். இனி எங்க விழ?”

அவன் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். பிறகு எதிரே வந்து உட்கார்ந்தான்.

“லாசர் பெரியப்பா செத்த வீட்டுல, மைக்செட்காரன் தெரியாம கல்யாணப் பாட்டப் போட்டுட்டான். எல்லாரும் அவன அடிக்கப் போயாச்சு. பெரியம்ம எந்திச்சு சொல்லுதா, ‘விடுங்கய்யா. எங்க கல்யாணத்துல ஒப்பாரி போட்டவன்தான் இவன். இன்னைக்கித்தான் கணக்கு நேராச்சு’ன்னு.”

அவள் தாடை இளகியது. தலை மார்பில் தொங்கியது. கைகள் மடியிலிருந்து நழுவின. இமைகள் தாமாக மூடிக்கொண்டன.

உள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்துக்கு அது வந்து சேரவில்லை.

அவன் நகர்ந்து வந்து, அவள் தலையைத் தாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

“அப்புறம் அந்த மைக்செட்காரன்...”



அவள் கழுத்தில் ஈரம் விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு.

அவன் முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டும் போல் அவளுக்கு இருந்தது.

கை இன்னும் வரவில்லை.