கோட்டுக்குள் வந்த கிணறு

“ஏனுங்கப்பா, ஊருக்கெல்லாம் ஒரு நியாயம், நமக்கு மட்டும் தனி நியாயமுங்களா?”

குமாரசாமிக் கவுண்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மகள் சௌந்திரம் விடுவதாக இல்லை. மெட்ராஸில் பி.ஏ. படிக்கிறவள். கோடை லீவுக்கு வந்து வண்டியை விட்டு இறங்குவதற்குள் அப்பாவைப் பற்றிய கேலி அவள் காதில் விழுந்துவிட்டது.

சங்ககிரிச் சாலையிலிருந்து பிரிகிற வண்டித் தடம் ஒன்றுதான் அதுவரை அந்த ஊருக்கு வீதி. இப்போது பஞ்சாயத்து போர்டு திட்டம் போட்டுக் கடைவீதி, சந்தைத் திடல் எல்லாம் அமைக்கக் கிளம்பியிருந்தது.

அது ஒரு காலம்! ஓவர்சியர் வந்து வெறுங்காட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் ஊர் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு அந்தக் கோடுகளுக்கு நடுவே உலாவப் போவார்கள். “ஓரமா நட, இது கடைவீதி, வண்டி வருது!” என்று வராத வண்டிக்கு ஒதுங்கி நின்று சிரிப்பார்கள். கட்டாத கடைக்கு முன்னால் நின்று கருப்பட்டி விலை கேட்பார்கள். எல்லோருக்கும் அந்தக் கோடுகள் மேல் அத்தனை ஆசை.

அந்தக் கோட்டுக்குள்தான் கவுண்டரின் கிணறும் வந்துவிட்டது. பொதுக் கிணறாக்கலாம் என்றது போர்டு. கவுண்டர் ஒரே பிடியாக மாட்டேன் என்றார்.

“சந்தைக்கு மாந்தோப்பையே சும்மா குடுத்தீங்க. ஒத்தைக் கெணத்துக்கு ஏனுங்க இந்த அடம்?”

“தோப்பு வேற, கெணறு வேற.”

“சுத்தியும் காடு தரிசாக் கெடக்குது. பயிரே இல்லாம தெனமும் மாடு பூட்டித் தண்ணி எறைச்சுத் தொட்டியை ரொப்பறீங்களாமா! ஊரே சிரிக்குது.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க.”

“எனக்கு வெக்கமா இருக்குதுங்க.”

“பாத்தியா! சொந்தக் காசுல வக்கீலைப் படிக்க வெச்சிருக்கறேன், அதுவும் எதிர்க்கட்சி வக்கீலு” என்று கவுண்டர் கையைக் கழுவ எழுந்தார்.

சௌந்திரம் சிரிக்கவில்லை. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு அவள் நீச்சல் பழகியது அந்தக் கிணற்றில்தான். அந்தக் குளிர்ந்த தண்ணீர் ஊரில் எல்லோருக்கும் கிடைத்தால் என்ன குறைந்துவிடும்?

மறுநாள் சந்தைத் திடலில் போர்டுக் கூட்டம். தலைவர் அருணகிரி தொண்டையைக் கனைத்தார்.

“முடிவா என்னங்க சொல்றீங்க, கவுண்டரே?”

“எங் கெணறு. எனக்கு வேணும். அவ்வளவுதான்.”

“தோப்பையே குடுத்த மகராசன், கெணத்துக்கு அழுவுறாரப்பா!” என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

சௌந்திரத்தால் பொறுக்க முடியவில்லை. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

“நான் அவரு மக. நானே கேக்கறேன். ஒருத்தர் வேலிக்குள்ளே தண்ணி இருந்தா அது அவருக்கு மட்டும்தான். பொதுவுக்கு விட்டாத்தானுங்க எல்லாருக்கும் ஆகும்! ஊர் நன்மைக்கு முன்னால எங்கப்பா ஆனா என்ன, யாரானா என்ன?”

“அப்படிப் போடு அம்மிணி!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கவுண்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அருணகிரியைப் பார்த்தார். கைதட்டிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எடுத்துக்குங்க.”

வீட்டுக்குத் திரும்பும்போது சௌந்திரம் மெல்லக் கேட்டாள். “கோவமுங்களாப்பா?”

“நீ பேசினதுல ஒரு சொல்லுத் தப்பில்லை, கண்ணு” என்றவர் முன்னால் வேகமாக நடந்துவிட்டார்.

காலையில் அவள் கிணற்றைப் பார்க்கப் போனாள். சுற்றுச் சுவரில் மாவிலைத் தோரணம் ஆடிற்று. ஊர்ப் பெண்கள் பித்தளைக் குடங்களோடு கூடியிருந்தார்கள்.

“எல்லாம் உன்னாலதான் அம்மிணி!” என்று ஒருத்தி கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

சௌந்திரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போதுதான் தென்பக்கம் பார்த்தாள். சேரியிலிருந்து வருகிற ஒற்றையடித் தடத்தில் புதிதாக முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. முள்ளுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பெண்கள், காலி மண்பானைகளோடு.

“அங்கே ஏன் நிக்கறீங்க? இப்படிச் சுத்தி வாங்க!” என்று கூப்பிட்டாள்.

“அவங்களை எதுக்கு அம்மிணி இங்கே கூப்புடறே?” என்றாள் திருஷ்டி கழித்தவள்.

முள்ளுக்கு அப்பால் முன்னால் நின்ற குப்பாயி அசையவில்லை. கவுண்டரின் மற்றக் காடுகளில் களை வெட்டுகிறவள்.

“தெனமும் வெடியறதுக்குள்ள உங்கப்பாரு தொட்டியை ரொப்பி வெப்பாருங்க. யாரு கண்ணுலயும் படாம நாங்க மொண்டுக்கிட்டுப் போயிருவோம்.”

“இன்னிக்கும் மொள்ளுங்களேன்! இது இப்பப் பொதுக் கெணறு!”

“அதாங்க சாமி… பொதுக் கெணறாயிருச்சே, இனி எங்களை உடுவாங்களா?”