புரொபசரின் ரப்பர் மீன்

"இன்னொண்ணு வந்துடுச்சு மாமா!" என்று மச்சினன் கூவினான். மீனைக் கழற்றி வாளியில் போட்டான். முதுகைத் திருப்பிக்கொண்டு இறால் டப்பாவைத் திறந்தான், தூண்டிலைத் தயார் பண்ணினான், மூடியை டப்பென்று அடைத்தான்.

படகுத்துறையின் மறுகோடியில் நின்றிருந்த புரொபசருக்கு வயிறு எரிந்தது. அவர் வாளியில் இருந்தது வெறும் தண்ணீர். அதுவும் அவரே மொண்டு ஊற்றியது.

புரொபசர் என்றால் நிஜப் புரொபசர் இல்லை. பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. தூண்டில் கிளப்பில் யார் அகப்பட்டாலும் பிடித்து உட்காரவைத்து, இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் மாட்டும் ரப்பர் மீனின் மகிமையைப் பாடம் எடுப்பதால் வந்த பட்டம் அது. "இன்னும் இரையைக் கட்டிக்கிட்டு அழறவன் எல்லாம் கற்கால மனுஷன்யா" என்பார். அவர் பிடித்த மீனை மட்டும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. அவரும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் அவருடைய பேச்சு. 'ரப்பர் மீன் போட்டு அதிகம் பிடிப்பது எப்படி?' பிறந்ததிலிருந்து அவர் கையில் யாரும் மைக் கொடுத்ததில்லை. அவர் கல்யாணத்தில்கூட மாமனார்தான் பேசினார். சட்டை எல்லாம் இஸ்திரி போட்டுத் தயார்.

அதற்குள் மச்சினனிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "இன்னிக்கு ரப்பர்ல ஒரு மீன்கூட வரலைன்னா, பேச்சே வேணாம், இரைதான் உசத்தின்னு கிளப் செயலாளர்கிட்ட நானே சொல்றேன்டா!" வாய் சும்மா இருந்தால்தானே.

ரப்பர் மீனை வீசினார், சுண்டினார், இழுத்தார், மறுபடி சுண்டினார். ரப்பருக்கு உயிர் இருக்கிறது என்று மீனை நம்பவைக்க வேண்டுமே! தோள் வலித்ததுதான் மிச்சம்.

மச்சினனோ தூங்குமூஞ்சி. தூண்டிலைப் போட்டான், கொட்டாவி விட்டான், ஞாபகம் வந்தால் கோலை லேசாகத் தூக்கினான். இரை போடுகிறவனுக்கு என்ன வேலை, இரையே எல்லாம் பார்த்துக்கொள்கிறது என்று புரொபசர் கறுவிக்கொண்டார்.

துறையில் ஒரு நொண்டி நாய் உண்டு. எவன் இறால் டப்பாவைத் திறந்தாலும் முதல் ஆளாக ஓடிவந்து நிற்கும். அன்று மச்சினனின் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாக நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. வயிறு முட்டத் தின்றிருக்கும், அதற்கும் யோகம்தான் என்று புரொபசர் பெருமூச்சு விட்டார்.

"மாமா, கிளம்பலாமா? அக்கா சாப்பிட வரச் சொன்னா."

"இருடா, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

போனது தூண்டில் கடைக்கு. கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சார், உங்களுக்கா இறால்? கடையை மூடிட்டு வேற பொழப்பைப் பாருன்னு போன வாரம்தானே சொன்னீங்க?"

"சமைக்கறதுக்குய்யா."

"இது தூண்டில்ல போடற இறால் சார். நாத்தம் புடிச்சது."

"எங்க வீட்ல அப்படித்தான் சாப்பிடுவோம். குடுய்யா!"

திரும்பி வந்து, மச்சினன் பார்க்காத நேரத்தில் ரப்பரைக் கழற்றி இறாலைச் செருகி வீசினார். மச்சினன் திரும்பிவிடுவானோ என்று பயம். சுண்டவும் தோன்றவில்லை, இழுக்கவும் தோன்றவில்லை. களவாணி மாதிரி ஆடாமல் அசையாமல் நின்றார்.

கோல் வளைந்தது.

"ஐயோ மாமா, எவ்ளோ பெருசு!" மச்சினன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "ஜெயிச்சுட்டீங்க! ஞாயித்துக்கிழமை முதல் வரிசையில உக்காந்து விசில் அடிக்கப் போறேன், பாருங்க!"

எப்போதும் கிண்டலடிக்கிறவன், இன்று மனசாரச் சந்தோஷப்படுகிறான். இவனை ஏமாற்றிவிட்டு அந்த மைக்கைப் பிடித்தால் கை கூசாதா?

பேன்ட் பாக்கெட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். "ரப்பர் இல்லடா. இறால். உன்னை ஏமாத்திட்டேன்."

மச்சினன் முகம் மாறியது. "மாமா, அப்படின்னா நானும் ஒண்ணு சொல்லணும்..."

"ஆறுதல் எல்லாம் வேணாம்டா!" புரொபசர் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். "செயலாளர் சார், என் பேச்சு வேணாம். ரப்பரை நம்பி யாரும் மோசம் போக வேணாம். என் மச்சினன் இறால் போட்டு வாளி நிறையப் பிடிச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை அவனையே பேசச் சொல்லுங்க, இரைதான் உசத்தின்னு!"

"மாமா, ஒரு நிமிஷம்..." மச்சினன் சட்டையைப் பிடித்து இழுத்தான். புரொபசர் கையைத் தட்டிவிட்டார்.

மறுமுனையில் செயலாளருக்கு ஒரே குஷி. இத்தனை நாளாக ரப்பர் பாடம் கேட்டவர் ஆயிற்றே. இப்போதே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன் என்று போனை வைத்தார்.

புரொபசருக்கு மனசு லேசாகிவிட்டது. தோற்றாலும் மனுஷனாகத் தோற்றோம் என்று நெஞ்சை நிமிர்த்தினார். "இப்ப சொல்லு, என்ன?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "இறாலை வீட்டு ஃபிரிட்ஜுலயே மறந்துட்டு வந்துட்டேன். சொன்னா சிரிப்பீங்கன்னுதான்..."

"அப்போ டப்பாவுல என்னடா இருக்கு?"

"என் பிறந்த நாளுக்கு நீங்க குடுத்த ரப்பர் மீன், மாமா."