கால் மணி நேரம் முந்தும் கடிகாரம்

ஃபின்டன் ஸ்டூலில் ஏறி, என் மதுக்கடைக் கடிகாரத்தின் முள்ளைக் கால் மணி நேரம் பின்னால் தள்ளினான்.

"இப்பத்தான்ணே உங்க கடிகாரம் நெசம் பேசுது."

அயர்லாந்தில் எந்த மதுக்கடைக் கடிகாரமும் நிஜம் பேசாது. குடிப்பவர்களைச் சட்ட நேரத்துக்குள் கிளப்ப, கால் மணி நேரம் முந்தித்தான் ஓடும். பாதிரியார் முதல் போலீஸ்காரர் வரை எல்லோரும் மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள்.

ஃபின்டனுக்கு இருபத்திரண்டு வயது. இங்கிலாந்துக்குச் சண்டை விமானம் ஓட்டியவன். எஞ்சின் நின்றுபோய் சொந்த நாட்டுச் சதுப்பில் இறங்கினான். நாங்கள் இந்தப் போரில் யார் பக்கமும் இல்லை. எவன் வந்து விழுந்தாலும் முகாமில் அடைப்போம். ஒரு பையனை அவன் ஊரிலிருந்து முப்பது மைல் தள்ளி 'அந்நியப் போர்வீரன்' என்று அடைத்த பெருமை எங்கள் அரசாங்கத்துக்கே சேரும்.

பக்கத்து வேலிக்குள் ஜெர்மன்காரர்கள். பிற்பகலில் இரு தரப்பும் வெளியே வரலாம். ஆறு மணிக்குள் திரும்புவதாக மானத்தின் மேல் கையெழுத்துப் போடவேண்டும். பிந்தினால் வாக்குத் தவறியவன். அப்புறம் வேலிதான் கதி.

அவர்களில் கேப்டன் ஹார்ட்விக், ஷூவுக்கு அடுத்தபடி தன் மானத்துக்குத்தான் பாலிஷ் போடுவார்.

போன வாரம் தீக்குச்சிகளை மேசைமேல் பறக்கவிட்டுத் தன் வேட்டைகளை விளக்கினார். சுட்டு வீழ்த்திய ஒரு விமானத்தின் மூக்கில் சிவப்புக் கோழி வரைந்திருந்ததாம்.

"கோழியெல்லாம் பறக்க விடுறாங்கப்பா. வறுத்துத்தான் எறக்கினேன்."

ஜெர்மன் மூலை சிரித்தது. அந்தக் கோழி ஃபின்டனின் அம்மா வளர்த்தது. வரைந்தவன், ஓட்டியவன், அவன் அண்ணன் லோர்கன்.

இன்று மூன்று மணிக்கு ஹார்ட்விக் வந்தார். அவர் விமானம் கடலில் விழுந்த அன்றே கைக்கடிகாரமும் நின்றுவிட்டது. வழக்கமாக என் கடிகாரம் ஆறு காட்டும்போது கிளம்பினால் கால் மணி நேர சைக்கிள் பயணம். மிகச் சரியாக ஆறுக்கு முகாம் வாசல். எங்கள் ஊர்ப் பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட கர்வம். ஆனாலும் ஃபின்டன் எழுந்தால்தான் எழுவார். உள்ளூர்க்காரனுக்குத் தெரியாதா?

கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியது. ஃபின்டன் இன்னொரு பியர் கேட்டான். நான் ஊற்றினேன்.

ஆறு. ஃபின்டன் எழுந்தான்.

ஹார்ட்விக்கும் எழுந்தார். குதிகால்களைச் சேர்த்துத் தட்டி எனக்கு விடைசொல்லி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாக்குத் தவறப் புறப்பட்டார்.

அதே கால் மணி நேரப் பாதைதான் ஃபின்டனுக்கும். அதே ஆறு மணி வாசல்.

போகுமுன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தான்.

"இனிமே இது வேணாம்ணே."

நாளைக்கு ஊர் போய்வர முகாம் கொடுத்த அனுமதிச் சீட்டு. காரணம்: அண்ணனின் முதலாண்டு நினைவுத் திருப்பலி.

கடிகாரத்தைப் பழையபடி கால் மணி நேரம் முந்த வைத்தேன். அது ஆடாமலிருக்க, சீட்டை நாலாக மடித்துப் பின்னால் செருகினேன்.